"புரியுதுல்ல டீச்சர், அப்புறம் என்ன?"

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றிவரும் ஒரு செய்தி உண்டு. ஒரு சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியான இடத்தில் இருந்தால் போதும். நடுவில் உள்ளவை எப்படிக் கலைந்து கிடந்தாலும் மூளை படித்துவிடும். இதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது என்று அது சொல்லும். கூடவே எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஓர் ஆங்கிலப் பத்தியும் வரும். படித்துப் பார்த்தால் படிக்கவும் முடியும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தினாலும், கோயில் திருவிழா அறிவிப்பில் பிழை இருக்கிறது என்று சொன்னாலும், அந்தச் செய்தியின் சாரம்தான் எனக்குப் பதிலாக வருகிறது: "புரியுதுல்ல டீச்சர், அப்புறம் என்ன?"

கேட்பவர்கள் வீம்புக்குக் கேட்பதில்லை. நியாயமான கேள்விதான். 'இலக்கணம் அப்படிச் சொல்கிறது' என்பது அதற்குப் பதில் ஆகாது. படிக்கும்போது கண்ணும் மூளையும் என்ன செய்கின்றன என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் அந்தச் செய்தி. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 2003 செப்டம்பரில் அது மின்னஞ்சல்களில் பரவியபோது, அங்கே மூளையும் மொழியும் பற்றி ஆராயும் மேட் டேவிஸ் என்பவர் அதை மறுத்து விரிவாக விளக்கி எழுதினார். அதன் வேர் இன்னும் பழையது. 1976இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் தம் முனைவர் பட்டத்துக்காக, சொல்லுக்குள் எழுத்தின் இடம் எவ்வளவு முக்கியம் என்று ஆராய்ந்தார். நடு எழுத்துகள் இடம் மாறினாலும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் சமாளித்துவிடுகிறார் என்பது உண்மைதான். சமாளிக்க என்ன செலவாகிறது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை.

அந்தச் செலவை 2006இல் கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் அளந்தார்கள். சரளமாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு எழுத்து இடம் மாறிய வாக்கியங்களைக் கொடுத்து, அவர்களின் கண் அசைவைக் கருவியால் பதிவு செய்தார்கள். நடு எழுத்துகள் மட்டும் மாறியபோது வாசிப்பு வேகம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது. சொல்லின் கடைப்பகுதி மாறியபோது 26 விழுக்காடு. தொடக்கம் மாறியபோது 36 விழுக்காடு. எல்லாரும் படித்து முடித்தார்கள், பொருளும் விளங்கியது. ஆனால் கண் அதிக நேரம் நின்றது, திரும்பத் திரும்பப் பின்னால் போனது.

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் வினாடி அளவு தங்கும். அந்தச் சிறு நேரத்துக்குள் சொல்லின் உருவம், ஒலி, பொருள் மூன்றும் நினைவிலிருந்து ஒன்றாக எழுந்து வர வேண்டும். பழகிய சொல், பழகிய எழுத்துவடிவில் இருந்தால் அது தானாக நடக்கும். கவனம் முழுவதும் 'இவர் என்ன சொல்ல வருகிறார்' என்பதில் இருக்கும். எழுத்து மாறிக் கிடந்தால் அந்தக் கவனத்தில் ஒரு பங்கைச் சொல்லை அடையாளம் காணவே செலவழிக்க வேண்டியதாகிறது. ஒரு வரிக்கு இது பொருட்டில்லை. ஒரு பக்கம் முழுக்க அப்படி இருந்தால், பாதியிலேயே அலுப்புத் தட்டி வைத்துவிடுவோம். ஏன் வைத்தோம் என்றுகூட நமக்குத் தெரியாது.

இந்த அளவுகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு உரியவை. தமிழில் இப்படிச் செய்து பாருங்கள்:

நாளை காயிலைல் பளிள்கூக்டதித்ல் பெறோற்ர் கூடட்ம் நபெடைறும்.

விதி அப்படியே பின்பற்றப்பட்டிருக்கிறது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் முதல் பார்வையில் இது தமிழாகவே தெரிவதில்லை. 'நாளை காலையில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடைபெறும்' என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு சொல்லாக நின்று பிரிக்க வேண்டியிருக்கிறது. காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலப் பத்தியில் இரண்டு மூன்று எழுத்துள்ள சிறு சொற்கள் ஏராளம். அவற்றைக் கலைக்கவே முடியாது. வாக்கியத்தின் சட்டகத்தை அவை தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. தமிழில் அந்த வேலையைச் செய்யும் 'இல்', 'உக்கு', 'ஆல்' எல்லாம் சொல்லோடு ஒட்டியே வருகின்றன. யார், எப்போது, எத்தனை பேர் என்பதும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தாய்: ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

மொழிக்கு மொழி இது வேறுபடும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஹீப்ரூ சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. எழுத்தின் வரிசை மாறினால் வேரே வேறாகிவிடலாம். ஹீப்ரூவும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களை வைத்து ஹதாஸ் வெலான், ராம் ஃப்ராஸ்ட் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் கலைந்த ஆங்கிலத்தைச் சமாளித்தார்கள், கலைந்த ஹீப்ரூவில் தடுமாறினார்கள். ஆகவே ஆங்கிலத்துக்குச் சொன்ன ஒன்றை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பிழைக்கு மன்னிப்பு வழங்க முடியாது.

ஆனால் நம் பிள்ளைகள் யாரும் எழுத்தைக் கலைத்துப் போட்டு எழுதுவதில்லை. அவர்களின் பிழை வேறு வகை. சின்ன ரவா பெரிய றவா, இரண்டு சுழி னவா மூன்று சுழி ணவா, ல ள ழ மூன்றில் எது? மயங்கொலி என்று இலக்கணம் பெயர் வைத்திருக்கிற இந்த இடம்தான் தமிழில் எழுத்துப்பிழையின் தலைநகரம். பிள்ளைகளின் சோம்பல் இதற்குக் காரணம் இல்லை. எங்கள் ஊரில் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிட்டது. ண, ன இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதில் விழாத வேறுபாட்டைக் காதால் எழுத முடியாது. கண்ணால் பார்த்துப் பழகித்தான் எழுத வேண்டும்.

இவற்றில் பல பிழைகள் பொருளைக் கெடுப்பதில்லை. 'தம்பி பல்லிக்குப் போனான்' என்று படித்தால் சூழலே திருத்திக் கொடுத்துவிடுகிறது. சந்திப்பிழைகள் பெரும்பாலும் இதைவிடவும் எளியவை. 'வாழை பழம்' என்று ஒற்று விட்டுப்போனால் கண் சற்று இடறும், அவ்வளவுதான். ஒற்றால் பொருள் மாறும் இடம் இருக்கிறது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. அன்றாட எழுத்தில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. ஒற்றுப்பிழையையும் மயங்கொலிப் பிழையையும் ஒரே சிவப்பு மையால் ஒரே அளவில் வட்டமிடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே சிரமத்தைத் தருவதில்லை.

சூழல் கைகொடுக்காத இடம்தான் ஆபத்து. ஈப்போ மருத்துவமனையிலிருந்து 'வலி தெரியவில்லை' என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அறுவை முடிந்தவருக்கு நோவு இல்லை என்கிறார்களா, பார்க்கப் போனவர் வழி தெரியாமல் நிற்கிறாரா? இரண்டும் நடக்கக்கூடியவை. தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில் 'குப்பையை எரியாதீர்' என்று ஒரு பலகை. கொட்ட வேண்டாம் என்பதற்கு 'எறியாதீர்' என்று எழுத வந்தார்களா, கொளுத்த வேண்டாம் என்பதற்கு 'எரிக்காதீர்' என்று எழுத வந்தார்களா? புகைமூட்டக் காலத்தில் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கும் நாட்டில் இரண்டுமே பொருந்தும். 'மணம் மாறிவிட்டது' என்றால் கல்யாணப் பேச்சா, உள்ளத்தின் முடிவா, குழம்பின் வாசனையா? அரை, அறை, பனி, பணி, கறை, கரை, உறை, உரை. இரண்டும் புழக்கத்தில் இருக்கும் சொற்கள். குறுஞ்செய்தியிலும் அறிவிப்பிலும் முன்பின் வாக்கியம் இருக்காது என்பதால், மிகச் சிறிய வாசகங்களில்தான் எழுத்துப்பிழை மிகப் பெரிதாகிறது.

இனி என்னை அதிகம் வருத்தும் பகுதி. பிழையோடு இருப்பதைச் சமாளித்துப் படிப்பவர் யார்?

நல்ல வாசகர் எல்லா எழுத்தையும் பார்க்காமல் ஊகித்துப் படிக்கிறார், வாசிப்பு ஒரு வகை ஊக விளையாட்டு என்று 1967இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். பல நாட்டு வகுப்பறைகளை அந்தக் கருத்து ஆண்டது. பிறகு கண் அசைவு ஆய்வுகள் வேறு கதை சொல்லின. நல்ல வாசகர் பொருளுள்ள சொற்களில் பெரும்பாலானவற்றின் மேல் கண்ணை வைக்கிறார். எழுத்துகளை விடாமல் பார்க்கிறார். வேகமாகப் பார்ப்பதால் பார்ப்பதே தெரிவதில்லை. சூழலை வைத்து ஊகிப்பதில் அதிகம் சாய்ந்திருப்பவர் தடுமாறும் வாசகர்தான் என்பதைக் கீத் ஸ்டானோவிச் 1980இல் விளக்கினார். சொல்லைக் கண்டவுடன் அடையாளம் காண முடியாத குறையை அவர் ஊகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்.

இதை நம் ரப்பர் தோட்டத்து அனுபவத்தால் சொல்லலாம். இருபது வருடம் ஒரே நிரையில் பால் வெட்டியவருக்கு விடியுமுன் இருட்டிலும், மரத்தின் எண் அழிந்துபோயிருந்தாலும் சிக்கல் இல்லை. நேற்றுச் சேர்ந்தவருக்கு அந்த எண்தான் எல்லாம். பிழையை மன்னிக்கும் மூளை, சரியான வடிவத்தை ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்துப் பதித்து வைத்திருக்கும் மூளை. 'புரியுதுல்ல' என்று சொல்பவருக்குப் புரிகிறது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புரிகிறதா? தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளுடைய பாட்டிக்கு? வீட்டில் தமிழே பேசாமல் வளர்ந்து, இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பையனுக்கு? பிழையின் செலவை எழுதியவர் கட்டுவதில்லை, படிப்பவர் கட்டுகிறார். படிப்பவர்களிலும் கையில் குறைவாக இருப்பவர் அதிகம் கட்டுகிறார்.

ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். பிரிட்டிஷார் காலத்துத் தோட்டப் பள்ளிகளில் பலவற்றில் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும்தான் இருந்தன. பின்னாளில் அமைச்சரான துன் வீ. தி. சம்பந்தன் தம் தந்தை விட்டுச் சென்ற பணத்தில் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையை இங்கே எழுப்பியபோது, தோட்டத்துப் பிள்ளை ஒழுங்காக எழுதப் படிக்க வேண்டும் என்பதே எண்ணம். வேலைக்காட்டில் எழுத்தறிவு ஆடம்பரமாக இருந்த காலத்தில், ஒருவர் தமிழ் நேசன் நாளிதழை உரக்கப் படிக்க லயத்து வாசலில் பலர் உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று கைப்பேசியில் தனியாகப் படிக்கிறது. பக்கத்தில் உரக்கப் படித்து விளக்க ஆள் இல்லை.

பிள்ளைகளின் கதை இன்னும் நுட்பமானது. ஒரு பிள்ளை புதுச் சொல் ஒன்றைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சொல்லின் எழுத்துவடிவம் நினைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிகிறது. டேவிட் ஷேர் 1995இல் இதைத் தற்கற்றல் என்று விளக்கினார். எந்த ஆசிரியரும் ஆயிரக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகக் கற்பிக்க முடியாது. பிள்ளையின் வாசிப்பே கற்பிக்கிறது. ஆனால் அந்த வாசிப்பில் 'அறை' இன்று அறையாகவும் நாளை அரையாகவும் வந்தால் எது பதியும்? பெரியவர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. லாரி ஜேக்கபியும் ஆன் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990இல் செய்த ஆய்வில், பிழையான எழுத்துவடிவங்களைப் படித்த கல்லூரி மாணவர்கள் அதன் பிறகு அதே சொற்களில் கூடுதலாகத் தவறினார்கள். கண் பார்த்ததை மனம் வைத்துக்கொள்கிறது. சரியா தவறா என்று முத்திரை குத்திவிட்டு வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் பிள்ளைகள் இதை மூன்று மொழியில் செய்கிறார்கள். மலாய் எழுத்துமுறை எளிமையானது; எழுதியபடி படிக்கலாம், கேட்டபடி எழுதலாம். ஆங்கிலம் அதற்கு நேர் எதிர். பிலிப் சீமோர் குழுவினர் 2003இல் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, முதலாம் ஆண்டு முடிவில் ஃபின்லாந்து, கிரேக்கப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 விழுக்காடுதான். தமிழ் இரண்டுக்கும் நடுவில் தனி இடத்தில் நிற்கிறது. படிப்பதற்குப் பெரிய குழப்பம் இல்லை, எழுதுவதற்கு உண்டு. எழுத்துகளும் அதிகம், 247. இதே குடும்பத்து எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், பிள்ளைகள் எழுத்துகளை முழுவதும் வசப்படுத்தச் சில ஆண்டுகள், நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டுகின்றன. இரண்டாம் ஆண்டில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துப் பதறும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். மலாய் சீக்கிரம் வந்துவிட்டதே, தமிழ் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஆகும் காலம் வேறு.

'சரியான' எழுத்து என்றால் என்ன என்ற கேள்வியும் வரும், வர வேண்டும். எழுத்து மாறாத ஒன்றா? இல்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972 ஆகஸ்ட் 16 அன்று பொதுவான மலாய் எழுத்துமுறையை அறிவித்தன. 'ச' ஒலிக்கு மலேசியாவில் இரண்டெழுத்து (ch) போட்டது ஒன்றானது (c), கம்போங் கம்புங் ஆனது. தமிழில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இருந்த தும்பிக்கை வடிவத்தைப் பெரியார் 1935இலேயே தம் ஏட்டில் மாற்றினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது. பிறகு இங்கேயும் வந்தது. பழைய புத்தகத்தில் தும்பிக்கை 'லை'யைப் பார்த்தால் எங்கள் மாணவர்கள் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சரளமாகப் படித்துவிடுகிறார்கள். ஏனென்றால் அது எல்லா இடத்திலும் அப்படியே வருகிறது. பழையதா புதியதா என்பது கண்ணுக்குப் பிரச்சினை இல்லை. இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி என்பதுதான் பிரச்சினை.

ஓலைச்சுவடியைக் காட்டியும் சிலர் வாதிடுவார்கள். சுவடியில் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, முன்னோர் படிக்கவில்லையா என்று. படித்தார்கள். குருவிடம் பாடம் கேட்டு, யாப்பை மனத்தில் வைத்திருந்தவர்கள் படித்தார்கள். உ. வே. சாமிநாதையரே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்குள் பல சுவடிகளை ஒப்பிட்டு அல்லாட வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் நெடிலின் கொம்புக்குச் சுழி போட்டு கெ, கே வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டிய பிறகுதான், குரு பக்கத்தில் இல்லாதவரும் ஏடெடுத்துப் படிக்கும் வழி அகலமானது. எழுத்தின் தெளிவு புலவருக்காக வந்ததன்று.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக் கிராணியார் (எழுத்தர்) காதில் விழுந்தபடி ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், எழுதிய பெயர்கள் இன்றும் குடும்பங்களைத் துரத்துகின்றன. பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சேமநிதிக் கணக்கில் லச்சுமி. மனிதர் படித்தால் மூவரும் ஒருவரே. கணினிக்கு மூன்று பேர். பிள்ளை பிறந்தவுடன் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், பத்திரம் கைக்கு வந்ததும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள் என்று இளம் பெற்றோரிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பாட்டி பேத்திக்கு எழுதும் செய்தியில் பிழை தேட எனக்கு மனம் வராது. 'கண்ணு சாப்டியா பத்தறமா இரு' என்று வந்தால், அதைச் சிரமப்பட்டுப் படிப்பதே அன்பு. அவரைத் திருத்தினால் அடுத்த முறை எழுதாமல் விட்டுவிடுவார். பிள்ளைகளின் முதல் வரைவுக்கும் இதே நீதிதான். எழுதட்டும். எல்லாப் பிழையையும் வட்டமிட்டால் தாள் முழுவதும் சிவப்பாகி, எழுதும் ஆசை போய்விடும். பொருளை மாற்றும் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வலியும் வழியும் வரும் ஒரு சிறுகதையைப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, வாக்கியத்துக்குள் பார்த்த சொல் நிலைக்கிறது. சொல்வதெழுதுதலும் வேண்டும், ஆனால் முதலில் கண்ணுக்குக் காட்டிவிட்டு.

ஊருக்கு என்று எழுதும்போது அந்தச் சலுகை இல்லை. கோயில் அழைப்பிதழ், பள்ளிச் சுற்றறிக்கை, நகராண்மைக் கழகப் பலகை, தடுப்பூசி அறிவிப்பு எல்லாவற்றையும் யார் படிப்பார்கள் என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே மிகவும் தடுமாறுகிறவரை மனத்தில் வைத்து எழுத வேண்டும். இங்கே பிழை பல நேரம் எழுதியவர் செய்வதுகூட இல்லை. கணினிகளுக்குப் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் 'கோ' என்பது க என்ற எழுத்தும் அதன் பின் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி, பத்தடி பேனரில் கோயில் என்ற சொல்லே சிதறி நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. 1985இல் முரசு மென்பொருளைத் தந்து, பிறகு ஆப்பிள் கருவிகளில் உள்ள இணைமதி எழுத்துருவையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அப்படிப்பட்ட நாட்டில் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் இப்படிப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது.

கோயில், பள்ளிச் செயற்குழுக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசகத்தைத் தமிழாசிரியர் ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் பார்த்துத் தருவோம். அச்சகத்துக்குத் தமிழை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாமல், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்து, முதல் படியை வாங்கி ஒருமுறை உரக்கப் படித்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.